கண்கொள்ளாக் காட்சி

எங்கேயாவது கிளம்புவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றிப் படித்துத் தொலைப்பது எனக்குள்ள வியாதி. மற்றவர்கள் ஊருக்குப் போனால் மாற்று வேட்டி எடுத்து வைப்பார்கள். நான் குறிப்பு எடுத்து வைப்பேன். வேட்டியை மறந்துவிடுவேன்.

போன மாதம் மாமியார் நடராசரைத் தரிசிக்க வேண்டும் என்றார். சிதம்பரம் வரைக்கும் போய்விட்டு, இன்னும் ஒரு 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிச்சாவரத்தைப் பார்க்காமல் வருவதாவது! முதல் நாள் ராத்திரி சாப்பாட்டின்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேர்கிற இடத்துக்கு நடுவுல சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்பு நிலம். பூரா அலையாத்திக் காடு. 2022-ல ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்ல சேர்த்துட்டாங்க."

"ராம் சாரா? உங்க ஆபீசுல வேலை பாக்குறவரா மாப்ள?" என்றார் மாமியார்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள் மனைவி.

சபையில் கவனம் சிதறுகிறதே என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் இப்போது கோயில் பக்கம் காடாக இல்லை, பிச்சாவரத்தில்தான் இருக்கிறது. அதன் பால் மேலே பட்டால் தோல் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போனாலும் போகும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தலாம் என்பது திட்டம். எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தரிசனம் முடித்துப் படகுத் துறைக்குப் போனோம். லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். மாமியாருக்குப் பொருந்தியது, மனைவிக்குப் பொருந்தியது, பையனுக்குப் பொருந்தியது. எனக்கு இரண்டு பக்கத்து வாரும் ஒன்றையொன்று பார்த்தனவே தவிர, சேரவில்லை. படகுக்காரர் ஒரு கயிற்றை எடுத்து என்னை மூட்டை மாதிரிக் கட்டிவிட்டு, "சார் மட்டும் நடுவுல உக்காரட்டும்" என்றார். மரியாதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துப் பெருமையாக உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு கொக்கைக் காட்டுவதற்காக இடது பக்கம் சாய்ந்தபோதுதான், மொத்தப் படகும் என்னோடு சாய்ந்து, நடுவில் உட்காரவைத்த காரணம் விளங்கியது.

"ஆடாம உக்காருங்க மாப்ள. ஆடுறதுக்குச் சிதம்பரத்துல ஒருத்தர் இருக்காரு" என்றார் மாமியார்.

ஆடாமலே பாடம் நடத்தினேன். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தவற்றைக் காட்டி, "இதெல்லாம் மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து கிடையாதுல்ல, அதனால வெண்கண்டல் மரம் வேரை மேல அனுப்பி மூச்சு விடுது" என்றேன். "உங்க ஜாக்கெட்டை வேணா கொஞ்சம் தளர்த்தட்டுமா? நீங்களும் மூச்சு விடலாம்" என்றாள் மனைவி.

விடவில்லை. அடுத்து சுரபுன்னை. அதன் விதை, மற்ற விதைகளைப் போலக் கீழே விழுந்து முளைக்காது. தாய் மரத்தில் தொங்கியபடியே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, ஒரு ஆளான பிறகுதான் அம்மாவை விட்டுச் சேற்றில் இறங்கும். இதை நான் சொல்லி முடித்ததும் மனைவி, எதிரே செல்போனை நோண்டிக்கொண்டிருந்த 27 வயசுப் பையனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது இறங்குதுல்ல?" என்றாள்.

இதற்குள் மாமியாரும் படகுக்காரரும் வேறு கட்சி ஆரம்பித்துவிட்டார்கள். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்துக்காக எம்.ஜி.ஆர். இங்கே வந்திருக்கிறார் என்று அவர் சொன்னதும் மாமியார் தண்ணீரையே கும்பிட்டார். என் ராம்சர் அதோடு மூழ்கினார்.

பேச்சோடு பேச்சாகப் படகுக்காரர் 2004 சுனாமிக்கு வந்தார். காட்டுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த ஊர்களில் சேதம் குறைவு, கடலைப் பார்த்து வெட்டவெளியில் இருந்த ஊர்கள்தான் அடிவாங்கின என்றார். இதுவும் என் குறிப்பில் இருந்ததுதான். ஆனால் அவர் சொல்லும்போது துடுப்பு நின்றுவிட்டது. நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அப்புறம் படகு ஒரு குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தது. இரண்டு கரை மரங்களும் தலைக்கு மேலே கைகோர்த்துக்கொண்டிருந்தன. ஒரு இலை என் காதை உரசியது பாருங்கள், எனக்கு உடனே தில்லைப் பால் ஞாபகம் வந்துவிட்டது. சட்டென்று கண்களை இறுக்கி மூடி, கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டேன்.

காது மட்டும் திறந்திருந்தது. "ஐயோ, வேரெல்லாம் பந்தல்கால் நட்ட மாதிரி இருக்கே!" இது மனைவி. "அப்பா, இங்க ஒரு மீன் சேத்து மேல குதிச்சுக் குதிச்சுப் போகுது!" இது பையன், பத்து வருஷத்தில் அவனாக என்னிடம் பேசிய முதல் வாக்கியம். "மீன்கொத்தி! என்னா நீலம்!" இது மாமியார், கண்ணில் புரை உள்ளவர். நான் கைக்குட்டையின் கட்டங்களைக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் படகுக்காரர் கேட்டார்: "சாருக்குத் தலை சுத்துதா?"

"இல்லை, தில்லைப் பால்…" என்றேன்.

"அதுக்கா? தில்லை அந்தப் பக்கம் மேட்டுலதான் சார் நிக்கும். நாம வந்த வழி பூரா சுரபுன்னை. அது ஒண்ணும் பண்ணாது."

படகில் யாரும் சிரிக்கவில்லை. கரையேறும்வரை அடக்கிக்கொண்டு, கரையேறியதும் சிரித்தார்கள். நல்ல குடும்பம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே மைத்துனி போன் பண்ணினாள். "பிச்சாவரம் எப்படி இருந்துச்சு மாமா?"

"அதை ஏம்மா கேக்குற, கண்கொள்ளாக் காட்சி!" என்றேன்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "திறந்தாத்தானடி கொள்றதுக்கு!"