ஆரணி மொட்டைமாடியில் அதிர்வெண் வேட்டை

மென்பொருள்வழி வானொலி என்பது, பழைய வானொலிப் பெட்டிக்குள் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் பார்த்துவந்த வேலைகளில் பெரும்பகுதியைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு, ஆண்டெனா பிடித்த அலையை எண்களாக மாற்றித் தருவதோடு தன் கடமை முடிந்ததென்று ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பியாகும். இவ்வகையில் மிக மலிவானதென்று பெயர்பெற்ற ஆர்டிஎல் டாங்கிள், ஐரோப்பியத் தரைவழித் தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதனுள்ளிருக்கும் ரியல்டெக் நிறுவனச் சில்லு, அலையின் மாதிரிகளைப் பக்குவப்படுத்தாமல் அப்படியே வெளியே தள்ளவல்லது என்பதைப் பின்லாந்தின் ஆன்டி பலோசாரி 2012ஆம் ஆண்டில் கவனித்த பிறகே, அது வானத்தைத் துழாவும் பதவிக்கு உயர்ந்தது. தூர்தர்ஷன் கைக்கொண்டதோ அத்தொலைக்காட்சி முறையின் இரண்டாம் தலைமுறை என்பதால், இந்தியாவில் இக்கருவி தான் பிறந்த வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யும்.

சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை செவிகொடுக்கும் இக்கருவி, ஒரு நேரத்தில் ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே காணும் ஆதலால், முழுப் பரப்பையும் ஒருமுறை வலம்வர எழுநூறுக்கும் மேற்பட்ட தாவல்கள் தேவைப்படுகின்றன. காண்பதை அது திரையில் மேலிருந்து கீழாக வழியவிடும் படத்துக்கு அருவி என்று பெயர். கமண்டல நாகநதி மணலாகக் கிடக்கும் மாதங்களிலும் ஆரணியில் வற்றாது ஓடும் நீர்நிலை இது ஒன்றே எனலாம். இடைவிடாது ஒலிபரப்பும் நிலையங்கள் அதில் நெட்டுக்கோடுகளாக இறங்குவதால், தெருவில் நீட்டிக் கட்டிய பாவைப் பார்த்துப் பழகிய பட்டு நெசவாளர்கள், எந்த இழை அறுந்திருக்கிறது என்பதைப் பொறியாளருக்கு முன்பாகவே சுட்டிவிடக்கூடும்.

ஆனால் ஆரணியின் மொட்டைமாடியில் கருவியை முதன்முதலாக இயக்கும் ஆர்வலர் காண்பது வானம் அன்று, வீடு. எல்இடி விளக்கு, கைப்பேசி மின்னூட்டி, இன்வெர்ட்டர் ஆகியவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டியே மின்னழுத்தத்தை மாற்றுவதால், அவ்வெட்டுகள் ஒவ்வொன்றும் சிறு ஒலிபரப்பாகி, சம இடைவெளியில் அணிவகுத்து, வெப்பம் கூடக்கூட மெல்ல நகரும் கோடுகளாகத் திரையை நிறைக்கின்றன. விசைத்தறியின் மின்தொடர்பு இணைந்து பிரியும்போதெல்லாம் தெறிக்கும் பொறி அருவிக்குக் குறுக்கே ஊடை போடுகிறது. பூவேலைக்கு ஏற்ப இழைகளைத் தேர்ந்து தூக்கும் மின்னணு ஜக்கார்டு தறிக்கு மேல் ஏறிய வீடுகளில் அதன் மின்வழங்கியும் கச்சேரியில் சேர்ந்துகொள்கிறது. அட்டை கோத்த பழைய ஜக்கார்டுடன் நாடா ஓடும் கைத்தறி ஒன்றே வானொலியியல் நோக்கில் குற்றமற்றது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில இரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கியபோது இந்நற்பண்பைக் கணக்கில் கொள்ளாதது, இத்துறையினரைப் பொறுத்தவரை ஒரு குறையே. ஊர் முழுவதும் மின்வாரியத்தை ஏசிக்கொண்டிருக்கும் மின்தடை வேளையில், மடிக்கணினியின் மின்கலத்தை நம்பி மாடிக்கு ஓடி, அந்த அமைதியில் மெலிந்த நிலையங்களைத் தேடும் ஒரே ஆள் இந்த ஆர்வலராகத்தான் இருப்பார். அவரைப் பார்த்து, "என்னப்பா, பாட்டு எதுவும் வரலையா?" என்று பாட்டி கேட்பது நியாயமான ஆய்வுக் கேள்வியே, அதற்கு இதுவரை தக்க விடை கிடைத்ததில்லை.

இதனினும் நுட்பமான ஏமாற்றம் 144.0 மெகாஹெர்ட்ஸில் காத்திருக்கிறது. தனியார் வானொலி ஆர்வலர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 வரையிலான பட்டையின் வாசற்படியிலேயே, இரவும் பகலும் ஓயாமல், ஒரு சொல்லும் பேசாமல் நிற்கும் ஒரு குறிகையைக் கண்டு, இரகசிய நிலையம் அகப்பட்டது என்று புதியவர்கள் மயிர்க்கூச்செறிவதுண்டு. டாங்கிளுக்குள் காலம் காட்டும் படிகம் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. அதன் ஐந்து மடங்கு 144.0. ஆண்டெனாவைக் கழற்றிய பின்னும் நிலையம் போகாமல் நின்றால், கருவி கேட்டுக்கொண்டிருப்பது தன் சொந்த நாடித்துடிப்பையே என்று முடிவு கட்டலாம்.

இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சுவதும் சிறிதன்று. விமானங்கள் தம் அடையாளத்தையும் உயரத்தையும் 1,090 மெகாஹெர்ட்ஸில் தாமே அறிவித்துக்கொண்டு போகின்றன. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதற்குத் தொடுவானம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், சென்னைக்கும் பெங்களூருக்கும் மேலே பறப்பவைகூட ஆரணிக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவை. செய்யாற்றுப் பேருந்து எங்கே வருகிறது என்று தெரியாத ஆர்வலருக்கு, பெங்களூர் விமானம் எத்தனை அடி இறங்கியது என்பது துல்லியமாகத் தெரியும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வீரர்கள் பள்ளி மாணவர்களோடு உரையாடும் 145.800 மெகாஹெர்ட்ஸும் இக்கருவிக்கு எட்டும் தொலைவே.

பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் புதுப்பித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த உரிமம் ஒழிந்தாலும், பிறருடைய தகவல்தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதை 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது என்பதால், வேட்டைக்காரர் பொது ஒலிபரப்புகளோடும் ஹாம் பட்டைகளோடும் நின்றுகொள்வது உடம்புக்கு நல்லது. கேட்பதோடு நில்லாமல் பேசவும் ஆசைப்படுவோருக்கு மத்திய அரசின் தேர்வு ஒன்று இருக்கிறது. 12 வயது நிரம்பிய எவரும் அதை எழுதலாம்.