மூட்டை காரில், ஆள் மலையில்

நியூ ஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே பாட்டி, அத்தை, தறி எல்லாம் சௌக்கியமா? "லீவு நாளில் காட்டில் என்னடா வேலை? அந்த ஊரில் பஸ் கிடையாதா?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் அத்தை போனை வாங்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

இங்கே அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நடைபாதை. 1921-ல் பென்டன் மெக்கே என்பவர் யோசனை சொல்லி, 1937-ல் முழுசாக முடிந்தது. ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்னில் கட்டாடின் மலை வரை 14 மாநிலம், சுமார் 3,500 கிலோமீட்டர். ஐந்தாறு மாசம் நடக்கிறார்கள். நேர்த்திக்கடன் கிடையாது, மொட்டை கிடையாது. உச்சியில் ஒரு பெயர்ப் பலகை. அதைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

என் ஆபீஸ் சிநேகிதன் ஒருத்தன் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறான். கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாம் முதுகில், 15 கிலோ. தறிக்குப் பட்டும் ஜரிகையும் கொடுக்கும்போது முதலாளி கிராம் கணக்கில் நிறுப்பாரே, அப்படி ஒவ்வொரு சாமானையும் நிறுக்கிறான். எடை குறையட்டும் என்று பல் பிரஷ்ஷின் பிடியைக்கூடப் பாதியாக நறுக்கியிருக்கிறான், மாமா!

இந்தப் பாடு பொறுக்காதவர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். காலையில் மூட்டையை யார் காரிலாவது போட்டுவிட்டு, தண்ணீரும் சோறும் மட்டும் எடுத்துக்கொண்டு சுகமாக நடப்பது. சாயங்காலம் மூட்டை எதிரே வந்து நிற்கும். ஸ்லாக்பேக்கிங் என்று பெயர். இது நியாயமா என்று இங்கே பெரிய பஞ்சாயத்தே நடக்கிறது. வழி காட்ட மரத்துக்கு மரம் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டை ஒன்றைக்கூட விடாமல், சுமந்துதான் நடக்க வேண்டும் என்கிறது ஆசாரக் கோஷ்டி.

எனக்குச் சிரிப்பு வந்தது. புரட்டாசியில் நம் தெரு ஜனம் திருப்பதிக்கு நடக்கும்போது அண்டா, அரிசி, பாய் எல்லாம் வேனில்தானே போகிறது? நகரத்தார் பழனிக்கு நடக்கிறார்களே, அவர்கள் கூடவும் மாட்டுவண்டி போகிறது. அதனால் புண்ணியம் குறைந்தது என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை.

ஆகவே போன சனிக்கிழமை சிநேகிதன் மூட்டைக்கு எங்கள் காரே வேன். காரை வீட்டுக்காரி ஓட்ட, நியூயார்க் பக்கம் ஹாரிமன் பார்க்கில் இறங்கி நானும் அவனோடு பேர் மவுண்டன் வரை நடந்தேன். பாதை கடைசியில் ஒரு மிருகக்காட்சி சாலைக்குள்ளேயே நுழைகிறது. மொத்தப் பாதையிலும் தாழ்வான இடம் அதுதான், 124 அடி உயரம். ராத்திரியெல்லாம் கரடிக்குப் பயந்து சோற்று மூட்டையை மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள், அங்கே வந்து கரடியை நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

புளிசாதம் கொண்டுபோயிருந்தேன். வாரக்கணக்கில் நூடுல்ஸ் தின்று நாக்கு செத்த நாலு பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த வேர்க்கடலையைக்கூட ஒருத்தன் விரலால் தோண்டி எடுத்தான். இந்தப் பாதையில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. எனக்கு 'டாமரிண்ட்' என்று வைத்துவிட்டார்கள். அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

முட்டி வலி என்று புலம்பும் பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள்: 1955-ல் எம்மா கேட்வுட் என்ற அம்மாள், 11 பிள்ளை பெற்றவர், 67 வயசில் தன்னந்தனியாக இந்தப் பாதை முழுக்க நடந்து முடித்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை. யாருடைய காரையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. வரும் புரட்டாசிக்கு ஊருக்கு வருகிறேன், திருப்பதிக்கு நானும் நடக்கிறேன். வேன்காரரிடம் என் பைக்கு இப்போதே இடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்