கேள்வி பதில்: ஒல்லிப் பிள்ளைக்கும் சர்க்கரையா?

ஒரு தாய், ஸ்ரீரங்கம்

கே: மகனுக்கு 19 வயது. ஈர்க்குச்சி உடம்பு. அவனுக்குப் போய்ச் சர்க்கரையா?

ப: அவன் அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது? தாத்தாவுக்கு? மூன்று தலைமுறையாக, அதுவும் 25 வயதுக்கு முன்பே வந்திருந்தால், 'எம்.ஓ.டி.ஒய்.' என்ற அரிய பரம்பரை நீரிழிவா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழைதான் அதற்குக் காரணம்.

ஒரு பாட்டி, கீழச் சித்திரை வீதி

கே: பேரனுக்கு எம்.ஓ.டி.ஒய். என்கிறார்கள். மார்கழியில் நான் ஊட்டிய அக்காரவடிசல்தான் காரணமா?

ப: இல்லவே இல்லை, பாட்டி. அந்த மரபணுப் பிழை பேரன் பிறக்கும்போதே இருந்தது. வெண்கலப் பானைமேல் பழி வேண்டாம். இனி அவன் தட்டில் அளவாக வையுங்கள், போதும்.

கல்லூரி மாணவி, உறையூர்

கே: அப்பாவுக்கு எம்.ஓ.டி.ஒய். இருந்தால் எனக்கும் நிச்சயமா?

ப: முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறதே, அப்படித்தான். அப்பாவிடம் அந்த மரபணு இரண்டு பிரதி, ஒன்றில்தான் பிழை. உங்களுக்கு வந்தது காவிரியா, கொள்ளிடமா? பாதிக்குப் பாதி வாய்ப்பு.

வாசகர், தில்லை நகர்

கே: எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ப: வைத்தியமே மாறும். எச்.என்.எஃப்.1ஏ மரபணுவில் பிழை என்றால், சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, மலிவான மாத்திரையே பலருக்கு நன்றாகக் கேட்கும். குளுக்கோகைனேஸ் வகையில் சர்க்கரை சற்றே ஏறி அங்கேயே நிற்கும். கர்ப்ப காலம் தவிரப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

வாசகர், திருவானைக்காவல்

கே: அப்படியானால் மகளின் இன்சுலினை நிறுத்திவிடலாமா?

ப: ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள்! முதல் வகை நீரிழிவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. சி-பெப்டைட், எதிர்ப்பொருள் பரிசோதனைகளைப் பார்த்து, தேவையானால் மரபணுப் பரிசோதனையும் செய்து, டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஆசிரியர், புத்தூர்

கே: இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சிதானே?

ப: சென்னையில் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 1985-லேயே இந்தியர்களிடம் இது காணப்படுவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். என்.கே.எக்ஸ்.6-1 என்ற மரபணுவும் காரணமாகலாம் என்று 2018-ல் சொன்னதும் சென்னை ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வுதான்.

பெண்ணின் தந்தை, பாலக்கரை

கே: மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுக்கு இந்தச் சர்க்கரை இருப்பதை மறைத்துவிடலாமா?

ப: வேண்டாம். இது கல்யாணத்துக்குத் தடை இல்லை. மறைத்தால்தான் பிரசவ நேரத்தில் சிக்கல். இன்று கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்று எழுதுங்கள். ஜாதகத்தைப் போல அதையும் பத்திரப்படுத்துங்கள். பேரப்பிள்ளைக்கும் உதவும்.