சர்வரின் தன்சோதனை: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

சர்வர் தன் உடம்பைத் தானே சோதித்துச் சொல்லும் முடிவு எதற்குப் பயன்படும் எனின், கோளாறு அறிவதற்கு என்பார் ஒரு சாரார். அற்றன்று, சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதற்கே என்பது இவ்வாய்வின் துணிபு.

வழக்கின் வேர் பழையது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி, ஆன் செய்ததும் தன்னைச் சோதித்து, குறை இல்லையேல் ஒரு குறுகிய பீப் எழுப்பியது. நெடில் ஒன்றும் குறில் இரண்டுமாக ஒலித்தால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. இச்சீருக்கு வாய்பாடு கூறாமல் யாப்பு நூலார் விட்டது ஏனோ?

பின்வந்தோர் ஒலியை விட்டுத் திரைக்கு மாறினர். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் சர்வர்களில், ஓப்பன்பூட் நிலையில் திரை முதலிலேயே ‘ஓகே’ என்று காட்டும். அதன் பக்கத்தில்தான் ‘டெஸ்ட்-ஆல்’ என்று தட்ட வேண்டும். முடிவை அறிவித்துவிட்டுத் தேர்வு நடத்தும் இம்முறை பல்கலைக்கழகங்களின் கவனத்துக்குரியது.

இக்காலத்து டெல் பவர்எட்ஜ் சர்வரை ரீஸ்டார்ட் செய்கையில் எஃப்10 அழுத்தினால் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் திறக்கும். ஹார்டுவேர் டயக்னாஸ்டிக்ஸ் அதனுள் இருக்கிறது. மெமரியில் பலவகைக் கோலங்களில் சுழியும் ஒன்றும் எழுதி, எழுதியதையே திரும்பப் படித்து ஒப்பிடும் அது. மெமரி மிகுந்தால் இது மணிக்கணக்கில் நீளும். ஃபேன் சோதனையில் எல்லா விசிறியும் ஒருசேர அலறும். அப்போது போனில் யார் திட்டினாலும் காதில் விழாது. இதைப் பயன்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி மறுப்பு. சோதிக்கும் நிரல் ஓடுவது சந்தேகத்துக்குரிய அதே பிராசசரில், அதே மெமரியில். குற்றவாளியே நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த கதை. தவிர, சர்வர் மயங்கி விழுவது மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது. சோதனை நடப்பதோ ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லாத ஓய்வு வேளையில். டிஸ்க்குகளின் வாக்குமூலமும் இத்தகையதே. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, செத்துப்போனவற்றில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக, டிஸ்க் தன்னைத் தானே கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ அளவீடு எதிலும் முன்கூட்டி முணுமுணுக்கவே இல்லை.

அப்படியானால் ஏன் ஓட்டுகிறோம்? கோளாறு சிக்கினால் திரையில் ஒரு பிழை எண்ணும் சரிபார்ப்பு எண்ணும் வரும். வாரன்டியில் உதிரிப்பாகம் கேட்டால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான். குறை ஏதும் இல்லை என்று வந்தாலோ, விரிவான சோதனையை ஓட்டிவிட்டு வாருங்கள் என்பார்கள். ஆகவே நற்செய்தி கண்டு எஞ்சினியர் முகம் வாடுகிறது. சிவப்பு எழுத்தில் ‘ஃபெயில்டு’ என்று வந்தால் மலர்ந்து, செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்கிறார், கை ஆடியிருக்குமோ என்று இன்னொன்றும்.