நொய்யல் கரையில் ரோமக் குதிரையா?

கேள்வி (காங்கயம் வாசகி): தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும்போது கூம்பு மாதிரி, உள்ளே பொள்ளலாக ஓர் உடைந்த பித்தளைத் துண்டு கிடைத்தது. ரோமக் குதிரையின் சேணத்துப் பாகம் என்கிறான் என் தம்பி. இருக்குமா?

பதில்: உங்கள் தம்பி நன்றாகப் படித்திருக்கிறார். ரோமக் குதிரைவீரனின் சேணத்துக்கு நான்கு கொம்புகள். அவற்றை விறைப்பாக நிறுத்த வெண்கலத் தகடு பொதிவார்கள். ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையில் அவை கிடைத்திருக்கின்றன. ரோமக் காசும் கொங்குக்குப் புதிதல்ல, வெள்ளலூரில் புதையலாகவே கிடைத்தது. ஆனால் காசு வியாபாரியின் மடியில் வரும். சேணம் அப்படி வராது. காங்கயம் என்றதும் என் கண் காளையின் கொம்புக்குத்தான் போகிறது. கொம்புக் குப்பியும் பொள்ளலான பித்தளைக் கூம்புதானே! ரோமத் தகடு அப்படி மூடிய கூம்பு அல்ல, வளைந்த தகடு. தோலோடு சேர்த்துப் பிடிக்க ஓரத்தில் துளைகள் இருக்கும். உங்கள் துண்டின் ஓரத்தைப் பாருங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ரோமரும் பித்தளை செய்தவர்கள்தாம்.

கேள்வி (அவிநாசி வாசகர்): பழைய அங்கவடி கிடைத்தால் அது ரோமருடையதா?

பதில்: ரோமக் குதிரைவீரனுக்கு அங்கவடியே கிடையாது. சேணத்தின் நான்கு கொம்புகள்தாம் அவனைத் தாங்கின. ஐரோப்பாவுக்கு அங்கவடி வந்தது அவார் என்ற நாடோடிக் குதிரைவீரர்களோடு, கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டு வாக்கில். இங்கேயோ, திருப்பூரைத் தாண்டி நொய்யல் போகும் வழியிலுள்ள கொடுமணலில், பழைய ஈமச்சின்னத்தில் இரும்பு அங்கவடி கிடைத்ததை அகழாய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரும்பு உருக்கி, கல்மணி கோத்து, தக்களியில் நூல் நூற்ற ஊர் அது. பதிற்றுப்பத்து பேர் சொல்லும் கொடுமணம் அதுவே என்பது ஆய்வாளர் கருத்து. பனியன் கம்பெனி வரும் முன்பே இந்த ஆற்றங்கரையில் நூல் ஓடியிருக்கிறது!

கேள்வி (மீண்டும் காங்கயம்): புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே?

பதில்: ஐயோ, வேண்டாம்! குத்துவிளக்குக்குப் புளி சரி. இதில் பச்சைக் களிம்போடு மேற்பரப்பின் வேலைப்பாடும் போய்விடும். ஒட்டியிருக்கும் மண்ணைக்கூட உதிர்க்காதீர்கள். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், பக்கத்தில் என்ன பானை ஓட்டோடு கிடைத்தது என்று இன்றே எழுதி வையுங்கள். ஒரு துண்டை அடையாளம் காண அதன் வடிவத்தைவிட அந்தக் குறிப்புதான் உதவும். பிறகு கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேள்விகள் அங்கே பயன்படும்.