அரை நிமிடச் சபை

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு கொல்லைப்புற வாசல் உண்டு. செனட் விடுமுறையில் இருந்தால், அதன் ஒப்புதலைக் கேட்காமலே அதிபர் தற்காலிகமாக ஆள் போடலாம். உறுப்பினர்கள் குதிரையேறி ஊரிலிருந்து வந்து சேர வேண்டியிருந்த காலத்து ஏற்பாடு. குதிரை போய்விட்டது, வாசல் இருக்கிறது.

2005 ஆகஸ்டில் புஷ் அந்த வழியாகத்தான் ஜான் போல்டனை ஐ.நா. தூதராக்கினார். ஜனநாயகக் கட்சியினர் கொதித்தார்கள். 2007 கடைசியில் செனட்டில் அவர்களின் தலைவர் ஹாரி ரீட் ஒரு வைத்தியம் செய்தார்: விடுமுறையே விடுவதில்லை. மூன்று நாளைக்கொருமுறை யாராவது ஓர் உறுப்பினர் வந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துச் சுத்தியலால் ஒரு தட்டு. சபை கூடியாயிற்று. இன்னொரு தட்டு, கலைந்தாயிற்று. நடுவில் அரை நிமிடம் இருக்கும். ஒரு டீயை ஆற்றக்கூடக் காணாது.

2012 ஜனவரியில் அதே அரை நிமிடத்தை, அதெல்லாம் ஒரு கூட்டமே இல்லை என்று தள்ளிவிட்டு ஒபாமா நான்கு பேரை நியமித்தார். சரிதான் என்று ஆதரித்தவர்களில் ஒருவர் சாட்சாத் ரீட்! இப்போது ஒப்பாரி வைத்தது குடியரசுக் கட்சி. செனட்டர்கள் 45 பேர் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். 2014இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஒபாமாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்.

2024 நவம்பரில் டிரம்ப், செனட் தலைவராக ஆசைப்படுகிறவர் அந்த வாசலைத் திறந்துவிடச் சம்மதிக்க வேண்டும் என்றார். போட்டியிலிருந்த மூன்று குடியரசுக் கட்சியினரில் ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. அவர்களில் இருவர் அந்த 45 பேரில் இருந்தவர்கள்.