பென்சனியர் ஐயாவுக்கு ஒரு வாழ்த்துமடல்

சிக்கனத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் கட்டுவதென்றால் மூலஸ்தானத்தில் இருக்க வேண்டியவர் நீங்கள்தான், ஐயா. 60 வயது வரை கதிரையில் இருந்திருக்கலாம். 55இலேயே அரசாங்க உத்தியோகத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஊருக்கு வந்தீர்கள். கடன் இல்லை, அடகில் நகை இல்லை. வங்கியில் நிலையான வைப்பு, மாதம் பிறந்தால் பென்சன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் 69.8 வீதம் ஏறி நாடே ஆடிப்போன நேரத்திலும் உங்கள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. இந்த வாழ்த்தில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டி எழுதப்போவதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே உங்கள் புகழுக்குப் போதும்.

உங்களுடையது பழைய பரம்பரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத்து இளந்தாரிகள் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இருந்தபடியால் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் கிளாக்கர் வேலை கிடைத்தது. ஓய்வு பெற்றுத் திரும்பி, கல்வீடு கட்டி, விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டு, மாதாமாதம் வரும் காசில் காலத்தை ஓட்டினார்கள். மலாயன் பென்சனியர் என்றால் கல்யாணப் பேச்சில் தனி மதிப்பு. தெற்கே சுருட்டுக்கடை வைத்தவர்கள் கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்ததை மணியோடரில் அனுப்பினார்கள். பிறகு கொழும்புக் கந்தோர்க் காலம், 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக் காலம். ஆண் தெற்கில் தன் ஒரு வயிற்றுக்குச் சிக்கனம் பிடித்தான். வளவு, மாடு, பிள்ளைகளின் படிப்பு, படுக்கையில் கிடந்த மாமன் மாமி எல்லாவற்றையும் ஊரில் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். அந்த ஏற்பாட்டின் கெட்டித்தனத்தை நீங்கள் கரைத்துக் குடித்திருக்கிறீர்கள்.

உங்கள் முதல் வெற்றி வாடகை. கல்யாணம் முடித்த நாள் முதல் ஒரு சதம் வாடகை கொடுத்ததில்லை, வீடு கட்ட ஒரு மூடை சீமெந்தும் வாங்கியதில்லை. உங்கள் மனைவியாகிய அம்மாவின் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் வந்து இருந்தீர்கள். உறுதி இன்றைக்கும் அம்மாவின் பெயரில்தான். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையும் அதன் பின் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் பெண்ணின் சொத்தைப் பெண்ணின் சொத்தென்றே ஒத்துக்கொள்கின்றன. ஆனால் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்காகப் புருசன் மேல் வழக்கு வைத்துவிட்டு அதே வீட்டில் உலை வைக்க எத்தனை பேரால் முடியும்? அம்மாவின் தமையனுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை என்று வந்தபோது இரண்டு பரப்புக் காணியை விற்றுக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். உங்கள் கையெழுத்தையும் காசைப் போலவே இறுக்கிப் பிடித்தீர்கள். காணி இன்றும் முழுசாக இருக்கிறது. தமையன் இல்லை.

சாப்பாட்டுச் செலவை நீங்கள் குறைத்த விதத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கலாம். கடைப் பலகாரம் வீட்டுக்குள் வரக்கூடாது, வளவில் விளைவதைச் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் கொள்கை. நல்ல கொள்கை. ஆவணியில் விடியமுன் பனையடியில் விழுந்து கிடக்கும் பழங்களை அம்மா பொறுக்கி வருவார். கழுவி, தோலை உரித்து, தும்போடு கிடக்கும் கொட்டையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். களி இலேசில் இறங்காது. தும்பு விரல் நுனியை அறுக்கும், மஞ்சள் நிறம் நகக்கண்ணில் நாட்கணக்கில் நிற்கும். வடித்த களியைப் பரண் மேல் பாய் விரித்து மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பூச்சு, அடுத்த நாள் இன்னொன்று. மழைக்கோலம் கண்டால் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்ட வேண்டும், காகம் வந்தால் கலைக்க வேண்டும். அதுதான் நீங்கள் பின்னேரத் தேத்தண்ணியோடு கடிக்கிற பினாட்டு. மிஞ்சிய கொட்டை பாத்திக்குப் போகும். தையில் கிழங்கு கிண்டி, அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் பிளந்து காயவைத்தால் கூழுக்கு ஒடியல். கனடாவிலிருந்து வந்த மருமகனுக்கு நீங்கள் சொன்னீர்கள்: “இதெல்லாம் சும்மா வாற சாமான். ஒரு சதம் செலவில்லை.” சதக்கணக்கில் அது முழு உண்மை.

கணக்கென்றால் உங்கள் கொப்பியை மறக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு றூள் போட்ட கொப்பியை எடுத்து மண்ணெண்ணெய், சீனி, பேப்பர், கோயில் அர்ச்சனை என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறீர்கள். அம்மா வளர்க்கும் கோழியின் முட்டை விற்ற காசு வரவுப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஏறுகிறது. மாச முடிவில் மிச்சம் எவ்வளவென்று சிவப்பு மையால் கோடு போடுகிறீர்கள். அந்தக் கொப்பியில் ஏறாமல் குசினிக்குள் ஒரு சேமிப்பு நடந்தது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடியை அம்மா வேளைக்கு வேளை எடுத்து முட்டியில் போட்டு வந்தார். அது நிறைந்ததும் அயலில் கொடுத்துக் காசாக்கிச் சீட்டுக்குக் கட்டினார். டியூசன் வீண் செலவு என்று நீங்கள் மறித்த மகளுக்கு அந்தச் சீட்டுத்தான் இரசாயன வகுப்புக்குப் பணம் கட்டியது. அவள் கம்பசுக்கு எடுபட்டபோது ஊரே உங்களைப் பாராட்டியது. அரசாங்கச் சம்பளத்தில் பிள்ளையைப் படிப்பித்த மனிசன் என்றார்கள். மற்றவர் புகழையும் வீணாக்காமல் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

வெளிநாடுகளில் 40 வயதிலேயே வேலையை விட ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் ஆண்டுக்கு அதில் நாலு வீதத்தை எடுத்து வாழலாமாம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல், ஓய்வுக்கு வைத்த பணம் 30 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க எவ்வளவு எடுக்கலாம் என்று ஆராய்ந்ததிலிருந்து வந்த கணக்கு அது. உங்கள் சாதனையை அதில் வைத்துப் பார்க்கலாம். சமைக்க, முற்றம் கூட்ட, உடுப்புத் தோய்க்க, கிடுகு பின்ன, மாட்டுக்குத் தவிடு கரைத்து வைக்க ஓர் ஆளை மாதம் 20,000 ரூபாய்க்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு 240,000. அதன் 25 மடங்கு 60 இலட்சம். இவ்வளவு வேலைக்கும் விடிய நாலரைக்கு எழும்பி வர 20,000க்கு ஆள் கிடைக்காது, அதை விட்டுவிடுவோம். அந்த 60 இலட்சத்தை நீங்கள் உழைக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. ஆனாலும் அதன் பலத்தில்தான் 55 வயதில் ஓய்வெடுத்தீர்கள். எந்த வங்கியும் இப்படி ஒரு மூலதனத்தை யாருக்கும் கொடுத்ததில்லை.

அம்மா இதே வேலையை ஒரு விடுதிச் சமையலறையில் செய்திருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு இன்றைய விகிதப்படி முதலாளி 12 வீதமும் அவர் 8 வீதமும் கட்டியிருப்பார்கள். 50 வயதில் வேலையை விட்டதும் அந்தக் காசு கைக்கு வந்திருக்கும். உங்களிடம் அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. நீங்கள் ஓய்வு பெற்ற அன்று கந்தோரில் உங்களுக்கு மாலை போட்டுப் படம் பிடித்து அனுப்பினார்கள், அந்தப் படம் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. அடுத்த திங்களிலிருந்து பகல் பத்து மணிக்கு “இஞ்சாரும், தேத்தண்ணி” என்று ஒரு குரல் கூடியது. முன்பு தனக்கென்றால் பழஞ்சோற்றோடு மத்தியானத்தை முடித்தவர், பன்னிரண்டரைக்குச் சோறும் மூன்று கறியும் சொதியும் வைக்கத் தொடங்கினார்.

2021 ஒக்டோபரில் 2,675 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. நீங்கள் பதறவில்லை. சிலிண்டரை மூலையில் உருட்டி வைத்துவிட்டு, “எங்கடை ஆச்சிமார் காஸிலையே சமைச்சவை?” என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து ஊமலும் பன்னாடையும் பொச்சு மட்டையும் பொறுக்கி, குனிந்து ஊதி ஊதி அம்மா சமைத்தார். பிறகு விலை இறங்கியது. காசு மிச்சமாவதைக் கண்ட நீங்கள் சிலிண்டரைத் திரும்பக் கொழுவவில்லை. புகைக்குள் நிற்க வேண்டாம் என்று கண் டொக்டர் எழுதிய துண்டு உங்கள் கணக்குக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. டொக்டருக்குக் கொடுத்த காசு எழுதிய பக்கத்தில்.

அம்மாவின் எதிர்காலத்தை நீங்கள் மறந்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் கழித்தார்கள், நீங்களும் முணுமுணுக்காமல் விட்டீர்கள். அதற்கு வேண்டிய ஓய்வூதிய இலக்கம், விவாகப் பதிவு இலக்கம், வங்கி விபரம் எல்லாவற்றையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் துப்புரவாக எழுதி வைத்திருக்கிறீர்கள். பிரதேச செயலகத்தில் அவர் கொடுக்க வேண்டிய பத்திரங்களில் உங்கள் மரணச் சான்றிதழும் ஒன்று. நாற்பது வருசத்துக்கு மேல் இந்தக் குடும்பத்துக்கு உழைத்தவருக்கு, தன் பெயரில் மாதாமாதம் காசு வருவதற்கு நீங்கள் செய்து வைத்த ஏற்பாடு இது ஒன்றுதான்.